ஒரே எண்ணெய், இரு சட்டங்கள்: லேபிளில் தேட வேண்டிய எச்சரிக்கை

திருவனந்தபுரம்: பழவங்காடி கணபதி கோயிலில் சிதறுகாய் உடைத்துவிட்டு, அருகிலுள்ள 'சாலை' கடைத்தெருவுக்குள் நுழைவோருக்கு அங்காடி மருந்துக் கடைகள் புதியவை அல்ல. இத்தகைய கடைகளில் சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் கைகண்ட மருந்தென்று பலரும் நம்பி வாங்குவது கருஞ்சீரக எண்ணெய். இப்போது அது துணை உணவு என்ற பெயரில் கேப்சூலாகவும் கிடைக்கிறது.

மூலிகை என்பதாலேயே அது தீங்கற்றதாகி விடாது. ரத்தத்தில் சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் தன்மை இந்த எண்ணெய்க்கு உண்டு. ஏற்கெனவே அதற்கான மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிய தாழ்வை உண்டாக்கலாம். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு இரு வாரங்களுக்கு முன்பே இதை நிறுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது. தோல் ஒவ்வாமையும் சிலருக்கு ஏற்பட்டுள்ளது.

கேரளத்துக்கு இது சிறிய விஷயமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, சர்க்கரை நோயின் தேசிய சராசரி 11.4 சதவீதம், கேரளத்திலோ 25.5 சதவீதம்.

லேபிளில் முரண்பாடு

துணை உணவாக விற்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன்கீழ் 2016-ல் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகளின்படி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும், அறியப்பட்ட பக்கவிளைவுகளும், பிற மருந்துகளுடனான எதிர்வினைகளும் லேபிளில் இடம்பெற வேண்டும். அதே எண்ணெயை ஆயுர்வேத மருந்தாக விற்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம் பொருந்தும். அங்கு, நச்சுத்தன்மை உள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட மூலப்பொருள்கள் சேர்ந்த மருந்துகளுக்கே 'மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்க' என்ற எச்சரிக்கை கட்டாயம்.

விளம்பரத்திலும் சிக்கல் உண்டு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு மாநில அதிகாரியின் முன் அனுமதி தேவை என்று 2018-ல் 170-வது விதி சேர்க்கப்பட்டது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2024 ஜூலையில் அதை நீக்கியது. அடுத்த மாதமே அந்த நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது தடையும் விலகியது. முன் அனுமதி என்ற கவசம் இல்லாமல் போனது.

ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளையும் தவறான விளம்பரங்களையும் தெரிவிக்க 2025 மே மாதம் 'ஆயுஷ் சுரக்ஷா' இணையதளம் தொடங்கப்பட்டது. ஆயினும், புகார் என்பது பாதிப்புக்குப் பிந்தைய நடவடிக்கையே. எண்ணெயோ கேப்சூலோ உட்கொள்வோர், "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது அதன் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முதல் பாதுகாப்பு.