உங்களுக்குத் தெரியுமா? மே தினத்தில் பிறந்த கட்சி

மே 1 தமிழகத் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. இந்த விடுமுறையைக் கேட்டு 1923 மே 1 அன்றே தீர்மானம் போட்டது, அதே நாளில் பிறந்த ஒரு கட்சி!

பெயர், இந்துஸ்தான் லேபர் கிசான் கட்சி. தொடங்கியவர் ம. சிங்காரவேலர். அன்று சென்னையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டங்கள் நடந்தன. இந்தியாவின் முதல் மே தின விழா அதுதான். செங்கொடிக்குத் துணி கிடைக்காததால் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்று சொல்வார்கள்.

தொழிலாளரையும் விவசாயியையும் ஒரே கொடியின் கீழ் சேர்க்க நினைத்த துணிச்சல் வியக்க வைக்கிறது. அதுவும் அகிம்சை வழியில்! தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்' என இதழ்களும் வந்தன.

ஆயுள்தான் குறைவு. கம்யூனிஸ்டுகள் மீது பிரிட்டிஷ் அரசு தொடுத்த 1924 கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் சிங்காரவேலர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. கட்சி மெல்ல மங்கியது. அதே கான்பூரில் 1925 டிசம்பரில் கூடிய முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.