தீவுத்திடல் இல்லை சார், தீவு!

வெளியூர் நண்பர்கள் சென்னைக்கு வந்தால் என்ன காட்டுவோம்? மெரினா, மகாபலிபுரம், ரங்கநாதன் தெரு நெரிசல். அத்தனையும் தெற்கே! திருவொற்றியூரில் குடியிருக்கிறவன் தன் ஊரைக் காட்ட ஊரை விட்டே கிளம்ப வேண்டியிருக்கிறது. வடக்கே என்ன இருக்கிறது, கன்டெய்னர் லாரிதானே என்பார்கள். தீவு இருக்கிறது சார்!

போன ஜனவரியில் கோயமுத்தூரிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் பறவைப் பைத்தியம், கழுத்தில் பைனாகுலர். மற்றவன் புதிதாக மீன்பிடிப் பைத்தியம், கையில் ஆன்லைனில் வாங்கிய தூண்டில். "தீவுக்குப் போறோம்" என்றேன்.

"தீவுத்திடலா? பொருட்காட்சி போட்டாச்சா?"

காட்டுப்பள்ளித் தீவு என்பது ஒரு நீளமான மணல்திட்டு. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். தலை பழவேற்காடு முகத்துவாரத்தில், கால் எண்ணூர் முகத்துவாரத்தில். நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் உடம்பு. தலையிலிருந்து கால்வரை ஒரே நாளில் பார்ப்பதாகத் திட்டம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு.

இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணிய ஊர். கோட்டை மண்மேடாகிவிட்டது, கல்லறைகள் மட்டும் வேலைப்பாட்டோடு நிற்கின்றன. பைனாகுலர்காரன் கல்லறைப் பக்கம் திரும்பவே இல்லை. ஏரியில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கண்ணாடியில் பார்த்தால், பூநாரை! நூற்றுக்கணக்கில். குச்சிக் கால்களில் நின்று, தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. ஒரு மணி நேரம் அவன் எங்களோடு பேசவில்லை.

தூண்டில்காரன் ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டான். இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடாது. எங்கள் ஆபீஸில் தீபாவளி லீவுக்கு இப்படி ஒரு பாடு வைத்தால் எத்தனை சண்டை மிச்சம்!

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம். அங்கே ஒரு வேன் பேசி, தீவின் முதுகின்மேல் தெற்கே இறங்கினோம். இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் உப்பங்கழி, நடுவில் சவுக்கு, பனை, மணல் ஏறிய ரோடு. "மாப்ளே, இதையா இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தே?" என்றான் தூண்டில். பதில் சொல்வதற்குள் ரோடு திரும்பியது. முன்னால் மதில், கிரேன், வரிசையாக லாரி. காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை ஒட்டி 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். நண்பர்கள் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கென்னவோ உண்மையான சுற்றுலா இங்கேதான் ஆரம்பம்.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு அண்ணன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஐம்பது வயசு இருக்கும். கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இடம் அது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரைமார் படகு விடவும் மீன் விருந்து சாப்பிடவும் வந்த ஊர் எண்ணூர். பக்கிங்காம் கால்வாயில் முதலில் வெட்டியதே, 1806-ல் முடிந்த சென்னை-எண்ணூர்த் துண்டுதான்.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் மோட்டாரை அணைத்தார். "கைய உடுங்க சார்." விட்டோம். வெந்நீர்! கொதிக்கவில்லை, ஆனால் ஜனவரி மாதத்து ஆறு இப்படி இருக்காது. "கரண்டு கம்பெனி தண்ணி. இதுல குஞ்சு எப்டி நிக்கும்?"

அங்கேதான் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இருளர்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் இறால் தட்டியதும் அமுக்கிப் பிடிக்கிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியை, அதாவது ஓலைக்கூடையை, பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். பிடித்த இறால் தலையை ஆட்டாமல் கூடைக்குள் விழுகிறது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல்தான் எல்லாம். அந்தச் சேற்றில்தான் சாம்பல் குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் வந்து படிந்தது. சாம்பல் இறுகின இடத்தில் இறால் ஒதுங்காது என்று ஒரு அம்மா சொன்னார், கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

தூண்டில்காரன் பொறுமையிழந்து தூண்டிலை வீசினான். உடனே இழுத்தது! "பெரிசு, பெரிசு!" என்று சுற்றினான். மேலே வந்தது கறுப்பாக ஒரு கொத்து. அண்ணன் சிரிக்கவில்லை. "காக்கா ஆழி சார்." தென்னமெரிக்கக் கடற்கரைச் சிப்பி இது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். சில வருஷங்களாக ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவி, இறாலுக்கும் நண்டுக்கும் இடமில்லாமல் பண்ணுகிறது. தடவுகிறவர்கள் விரலையும் கிழிக்கிறது.

பைனாகுலர் இதற்குள் கூழைக்கடாக்களைக் கண்டுபிடித்துவிட்டது. புகைபோக்கிக்கு நேர் கீழே, மேட்டில் ஏழெட்டு. பக்கத்தில் நீர்க்காகம், மஞ்சள்மூக்கு நாரை, தலைக்கு மேலே செம்பருந்து. "இவ்ளோ அசிங்கத்துல ஏன்டா வந்து உக்காருது?" என்றான்.

"மீன் கீது, வருது," என்றார் அண்ணன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் இறங்கியபோது, இதே பறவைகள் கறுப்பாகி நின்றதை அவர் பார்த்திருக்கிறார். வலையும் படகும் தார் பூசின மாதிரி ஆகிவிட்டதாம். அதற்கு முன்னால் 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. இரண்டு தடவையும் மீன் இருந்ததாம், வாங்கத்தான் ஆள் இல்லையாம்.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் மடவைக் குழம்பு. தட்டு வந்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பைனாகுலர்தான் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க... இந்த ஆத்து மீன் சாப்பிடலாமா?"

வீட்டில் சட்டென்று பேச்சு நின்றது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நீங்க இன்னிக்கு ஒருநாள் சாப்புடுவீங்க சார். நாங்க தெனம் சாப்புடறோம்."

நான் சாப்பிட்டேன். புளி தூக்கலாக, முதல்தரம். தூண்டில்காரன் இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டான். பைனாகுலர்காரன் குழம்பை ஊற்றிக்கொண்டு மீனை ஓரமாக வைத்தான். அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டார்.

கிளம்பும்போது, நாளைக் காலை விற்பனைக்குக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கறவங்க எந்த ஊர் மீன்னு கேட்டா என்ன சொல்வீங்கண்ணி?" என்றேன்.

"எண்ணூருன்னா கூடையோட திருப்பி எடுத்துனு வரணும் தம்பி. கடல் மீனுன்னு சொல்வேன்."