முந்தி வந்தவருக்கு ஜன்னல் ஓரம்!

டிக்கெட் கையில் உண்டு. ஆனால் எந்த ஆசனம் என்று அதில் இராது! உள்ளே போய், காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான். அமெரிக்காவில் 'சௌத்வெஸ்ட்' என்னும் விமானக் கம்பெனி 1971-ம் ஆண்டு முதல் இப்படித்தான் ஜனங்களை ஏற்றி வந்தது.

இதில் கம்பெனிக்கு என்ன லாபம்? 1972-ல் அதற்குப் பணமுடை. நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, மூன்றைக்கொண்டே நான்கின் வேலையைச் செய்ய முனைந்தார்கள். இறங்கிய விமானம் பத்தே நிமிஷத்தில் மறுபடி கிளம்ப வேண்டும்! பிரயாணிகள் நம்பர் தேடி நிற்காமல் விறுவிறுவென்று உட்கார்ந்தால்தானே அது நடக்கும்?

2007 முதல் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்தார்கள். முதலில் ஏ 1 முதல் ஏ 60 வரை, பிறகு பி, கடைசியில் சி. புறப்பட 24 மணி நேரம் இருக்கும்போது 'செக்-இன்' தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து பதிந்தவருக்கு நல்ல எண். அசந்து போனவருக்கு சி! அதாவது, இரண்டு பேருக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பிரயாணம். 2009-ல், கூடுதல் பணம் கட்டினால் கம்பெனியே முன்கூட்டிப் பதிந்து தரும் வசதி வந்தது. காசுள்ளவர் முந்திக்கொண்டார்!

குழந்தையோடு வரும் தாய் என்ன செய்வாள்? ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளோடு வருவோரை, ஏ முடிந்து பி தொடங்குமுன் ஏற்றினார்கள். நல்ல காரியம். ஏழு வயதுப் பிள்ளை என்றால்? அந்தச் சலுகை இல்லை. கடைசியில் ஏறினால் தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். "கொஞ்சம் மாறி உட்காருங்களேன்" என்று முன்பின் தெரியாதவரிடம் கெஞ்ச வேண்டும். ஜன்னல் ஓரம் பிடித்தவர் லேசில் எழுந்திருப்பாரா?

2024-ல் கம்பெனி விசாரித்தபோது, பத்தில் எட்டுப் பேர் ஆசன நம்பர்தான் வேண்டும் என்றார்களாம். 2026 ஜனவரி 27 முதல் நம்பர் வந்துவிட்டது. காலை நீட்டி உட்கார இடமுள்ள ஆசனத்துக்குக் கூடுதல் கட்டணம்!