தங்கவயலைத் தாங்கும் சீசன் டிக்கெட்

புது தில்லி: கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டபோது, பல ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் ரயில் பெட்டிக்கு இடம் மாறியது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி பகுதிகளிலிருந்து சுரங்கத்துக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள், மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். 1894-இல் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட கிளைப்பாதைதான் இன்று தொழிலாளர்களைச் சுமக்கிறது.

இந்தப் பயணத்தைச் சாத்தியமாக்குவது இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட். ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணமே அதன் ஒரு மாத விலைக்கு அடிப்படை. மாதம் 25 நாள் வேலைக்குச் செல்பவர் 50 முறை பயணம் செய்கிறார். சாலையில் ஓடும் எந்தப் பேருந்துக்கும் இதனுடன் போட்டியிடுவது கடினம்.

2009 ஜூலையில் ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி, 100 கி.மீ. வரை செல்ல ரூ.25 விலையில் "இஸ்ஸத்" மாதச் சீட்டை அறிவித்தார். அப்போது ரயில்வே இணை அமைச்சர், கோலார் தொகுதி உறுப்பினர் கே.எச். முனியப்பா. தங்கவயல்-பெங்களூரு தூரமும் 100 கி.மீ.க்குள் அடங்கும். ஆனால், மாத வருமானம் ரூ.1,500-க்கு மிகாதவர்களுக்கு மட்டுமே சலுகை. 25 நாள் வேலைக்கு அது நாளொன்றுக்கு 60 ரூபாய். அந்தக் கூலிக்குப் பெங்களூரு வரை யார் போவார் என்பதை அதிகாரிகள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெரிய ஆபத்து 2014 ஜூன் 20-இல் வந்தது. சீசன் டிக்கெட்டை 30 பயணங்களின் அடிப்படையில் கணக்கிட ரயில்வே முடிவு செய்தது. விலை இரட்டிப்புக்கும் மேலாகும் நிலை. அமைச்சர் சதானந்த கௌடாவோ பெங்களூரு வடக்குத் தொகுதி உறுப்பினர். நான்கே நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால், அதற்காக அவரை நெருக்கியவர்கள் மும்பைப் பகுதியின் ஆளும் கூட்டணி எம்.பி.க்கள். மகாராஷ்டிரத்தில் அப்போது பேரவைத் தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்தது. தங்கவயல் பிழைத்தது அவர்கள் தயவால்.

2023 ஜூன் 11 முதல் புதிய போட்டியாளர் களத்தில் இருக்கிறார். கர்நாடக அரசின் "சக்தி" திட்டத்தில், மாநிலத்துக்குள் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இலவசத்தை விட மலிவான டிக்கெட் எது? ஆடவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே, ஒரே வீட்டில் மனைவிக்குப் பேருந்தும் கணவனுக்கு ரயிலும் ஆதாயம் என்னும் கணக்கு உருவாகியுள்ளது.

2022-23-இல் பயணிகளுக்கு ரூ.56,993 கோடி, அதாவது சராசரியாக 46 சதவீதம் சலுகை அளித்ததாக ரயில்வே கூறுகிறது. 2025 ஜூலை 1-இல் பிற கட்டணங்கள் உயர்ந்தபோதும் சீசன் டிக்கெட்டுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால், ரயில்வேக்கெனத் தனி பட்ஜெட் 2017 முதல் இல்லை. இப்போது கட்டண மாற்றம் அமைச்சகத்தின் சுற்றறிக்கையாகவே வருகிறது. மாரிக்குப்பத்துப் பயணி அதை டிக்கெட் கவுன்டரில்தான் அறிகிறார்.