ஆரம்பப் பாடசாலையில் மட்கலக் கல்வி

சோழன் நலங்கிள்ளியைப் பாடிய கோவூர்கிழார் புறநானூற்றின் 32-ஆம் பாட்டிலே ஓர் உவமையைக் கையாளுகின்றார். குயவர் குலச் சிறுவர் திகிரியின்மேல் வைத்த பச்சைமண் திரள் அவர் கருதிய வடிவத்தை எய்துதல்போல, மருதவளம் மிக்க நாடும் மன்னன் கருதிய முடிவையே எய்தும் என்பது அதன் பொருள். பாட்டைப் பயில்வோர் பெரும்பாலும் மன்னனது ஆற்றலை வியந்து அப்பாற் செல்வர். கல்வி பற்றிய நோக்கோடு பயில்வார்க்கோ வேறொன்று புலப்படும். திகிரியின் அருகில் இருப்போர் முதிர்ந்த தொழிலாளர் அல்லர், சிறுவர். மண்ணை வனையும் கல்வி பண்டைத் தமிழகத்தில் இளமையிலேயே தொடங்கியது என்பதற்கு இஃது ஒரு சான்று. அக்கல்வி குலவழியே வந்தது என்பதற்கும் இதுவே சான்றாகின்றது.

மட்கலத் தொழிலை ஆரம்பப் பாடசாலையிற் புகுத்தலாமா என்னும் வினா எழும்போது இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்குதல் வேண்டும். இளமையிற் பயிலுதல் கொள்ளத்தக்கது. குலம்பற்றிப் பயிலுதல் தள்ளத்தக்கது. மத்திய மலைநாட்டிலே, குறிப்பாக நோட்டன் பிரிட்ஜ் போன்ற தோட்டப்புறங்களிலே, இவ்வேறுபாடு மிக நுணுகி ஆராயப்படவேண்டிய ஒன்று.

நோட்டன் பிரிட்ஜ் ஹற்றனுக்கு மேற்கே, கெசல்கமு ஓயாவின் கரையிலுள்ள சிற்றூர். 1950-ல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இங்குள்ள அணைக்கட்டிலிருந்தே நீர் செல்கின்றது. ஆற்றை மறித்து நாட்டுக்கு ஒளி கொடுத்த இவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கல்வியின் ஒளி மிகத் தாமதித்தே வந்தது. 1907-ஆம் ஆண்டின் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் என்பதே அவ்வேற்பாட்டின் உள்ளுறை. 1945-ல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்டங்களின் பொறுப்பிலேயே நின்றன. அவற்றை அரசாங்கம் முறையாக ஏற்றது 1970-களின் பிற்பகுதியிலேதான்.

இவ்வரலாற்றை நினைவிற் கொண்ட பெற்றோர் ஒருவர், "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது மண் பிசையவா?" என்று கேட்பாராயின், அக்கேள்வியை அறியாமையின் விளைவென்று ஒதுக்குதல் அடாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையையே லயத்திலிருந்து வெளியேறும் வாயிலாகக் கருதும் குடும்பங்கள் பல. கைத்தொழிற் கல்வி என்னும் பெயரால், உழைக்கும் குலத்தாரை உழைப்பிலேயே நிறுத்திவைக்க முயன்றமையும் வரலாற்றில் உண்டு. 1953-ல் சென்னை இராச்சியத்தில் இராஜாஜி கொணர்ந்த திருத்திய ஆரம்பக்கல்வித் திட்டம் பாடசாலை நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்றது. குயவன் மகன் குயவனாகவும் வண்ணான் மகன் வண்ணானாகவும் இருப்பதற்கே இது வழி என்று கண்டோர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954-ல் இராஜாஜி பதவி நீங்கினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டமும் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது முறையே.

இதற்கு முன்னரே வேறொரு வழியை வார்தாவில் வகுத்தனர். 1937 ஒக்டோபரில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பின்னர், சாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக்கல்வித் திட்டத்தை வரைந்தது. அக்குழுவின் அமைப்பாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. டபிள்யு. ஆரியநாயகம் என்பது இலங்கைத் தமிழர் பலர் மறந்துவிட்ட செய்தி. தாகூரின் சாந்திநிகேதனிற் பணிபுரிந்த பின்னர், தம் மனைவியார் ஆஷாதேவியோடு சேவாகிராமத்திலேயே தங்கி அக்கல்விக்குத் தம் வாழ்நாளை ஈந்தார். 1944-ல் சாந்திநிகேதன் மாணவரான தேவிபிரசாத் அங்கு ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்தார். இவர் பின்னர் இந்தியாவின் சிறந்த மட்கலக் கலைஞருள் ஒருவராக மதிக்கப்பட்டவர். எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலிலும் கைவைக்கலாம் என்பது ஆதாரக்கல்வியின் அடிப்படை. குலத்தை அறுத்துத் தொழிலைக் கொள்ளுதல் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

ஆயினும் வார்தாத் திட்டத்திலும் ஒரு முள் உண்டு. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழிதேடலாம் என்னும் எண்ணம் அதிற் கலந்திருந்தது. நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறுவர் உழைப்பைக் கண்ட தேயிலைத் தோட்டத்துக்கு அவ்வெண்ணம் சற்றும் பொருந்தாது. அங்குப் பாடசாலையிற் செய்யும் மட்கலம் சந்தைக்குப் போகலாகாது.

அவ்வாறாயின் அது யாதுக்கு? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருவோருள் ஒருவர் மரியா மொண்டிசோரி அம்மையார். 1939 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்த இவர், இடையில் இலங்கைக்கும் வந்து சென்றார். 1909-ல் வெளியிட்ட தம் முதல் நூலிலே கைப்பயிற்சியையும் கைத்தொழிலையும் அவர் வேறுபடுத்துகின்றார். முன்னையது விரல்களைப் பழக்குவது. பின்னையது சமூகத்துக்குப் பயன்படும் ஒரு பொருளைச் செய்துமுடிப்பது. கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய புரோபெலின் வழியினர் களிமண்ணைக் குழந்தைகளிடம் கொடுத்து விருப்பம்போல் உருச்செய்ய விட்டனர். அதில் அம்மையாருக்கு நிறைவில்லை. உரோமை நகரின் பண்டைய மதிற்கோபுரம் ஒன்றிற் பிரான்செசுக்கோ இரந்தோனே நடத்திய கலைப் பாடசாலையே அவரைக் கவர்ந்தது. அங்குப் பிள்ளைகள் சிறு கலங்களை வனைந்து சுட்டனர். சிறு செங்கல் அறுத்துச் சுட்டு, சாந்து பூசிச் சுவரும் எழுப்பினர். இக்கல்வியைத் தம் பாடசாலையிலும் அம்மையார் ஏற்றார். வழிதவறிய குதிரை பொம்மையைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஒழுகும் குவளையைக் கண்டு சிரிக்க முடியாது. நீரை ஊற்றியவுடன் கலமே பிள்ளையின் வேலையைத் திருத்திவிடுகின்றது. ஆசிரியரின் சிவப்பு மை அங்கே தேவைப்படுவதில்லை.

மற்றொரு பயனைப் பியாசே என்னும் சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் காட்டினார். ஒத்த அளவுள்ள இரு களிமண் உருண்டைகளைப் பிள்ளைக்குக் காட்டி, ஒன்றை நீளக் கோலாக உருட்டி, இப்போது எதில் மண் மிகுதி என்று அவர் வினவினார். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் நீண்டதையே மிகுதியென்பர். ஏழு எட்டு வயதளவில் இரண்டும் ஒன்றே எனத் தெளிவர். வடிவம் மாறினும் அளவு மாறாது என்னும் இவ்வறிவே கணிதத்துக்கு அடித்தளம். புத்தகத்தின் படம் இதனைக் கற்பிப்பது அரிது; கையிலுள்ள மண் எளிதிற் கற்பிக்கும். 1999-ல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் முதன்மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளையும் ஒரு பாடமாக்கியது. மட்கலக் கல்விக்கு அப்பாடத்தில் இடமுண்டு. எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய நேரத்தை அது பறிக்கவேண்டியதில்லை.

இனி, நோட்டன் பிரிட்ஜின் மண்ணை நோக்குவோம் எனின், முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். மலைநாட்டில் எங்கும் காணப்படும் செம்மண் அனைத்தும் வனைவதற்கு ஏற்ற களிமண் அன்று. ஆண்டுக்கு 4000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இம்மேற்குச் சரிவிலே பாறை ஆழமாகச் சிதைந்து, கயோலின் வகைக் களியும் இரும்பின் துருவும் மணலுமாகக் கலந்து கிடக்கின்றது. அக்கலவையினின்றும் களியைப் பிரித்தெடுத்தல் வேண்டும். ஓடை தேங்கும் தாழ்நிலத்திலும் தேயிலை மலையின் கான்களில் வண்டல் படியும் குழிகளிலும் இயற்கையே அவ்வேலையைப் பாதி செய்துவைத்திருக்கும். சரிவை வெட்டி மண்ணெடுத்தல் ஒருபோதும் ஆகாது. மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோகும் நாடு இது.

மண்ணைச் சோதித்தல் மூன்றாந் தரப் பிள்ளைக்கும் இயலும். ஈரமண்ணைப் பென்சில் பருமனான திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைக்கவேண்டும். வெடிப்பின்றி வளைந்தால் களி போதும். உடைந்தால் மணல் மிகுதி. மணல் மிக்க மண்ணை வாளியில் நீரோடு நன்கு கலக்கிச் சிறிதுநேரம் விட்டால் மணல் அடியிற் படியும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஓரிரு நாள் வைத்துத் தெளிந்த நீரை இறுத்தால், அடியில் வழவழப்பான களி கிடைக்கும். பருமணல் முதலிலும் நுண்களி கடைசியிலும் படியும் இக்காட்சி, அணைக்கட்டின் பின்னே நீர்த்தேக்கத்தில் வண்டல் சேருவதை அப்படியே விளக்குகின்றது. நோட்டன் பிரிட்ஜ்ப் பிள்ளைக்குப் புவியியற் பாடம் இதைவிட அண்மையிற் கிடைத்தல் அரிது. களியைத் துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிந்தபின் பிசைந்து, சிறிது நுண்மணலைச் சேர்த்தால் மண் ஆயத்தமாகும்.

திகிரியிலிருந்து தொடங்குதல் பிழை. கோவூர்கிழார் கண்ட சிறுவர் பிறந்தது முதல் அதன் ஓசையைக் கேட்டவர்கள். வாரம் ஒருமுறை மண்ணைத் தொடும் பிள்ளைக்குத் திகிரி ஏமாற்றத்தையே தரும். உருண்டையின் நடுவிற் பெருவிரலை அழுத்திச் சுவரைக் கிள்ளி உயர்த்திச் செய்யும் சிறு கிண்ணம் முதலாந் தரத்துக்கு ஏற்றது. திரிகளை வட்டமாக அடுக்கி ஒட்டி எழுப்பும் கலம் மூன்றாந் தரத்துக்கு. திரியைத் திரியோடு இணைக்குமுன் இரண்டையும் கீறி, குழைத்த மண்ணைத் தடவவேண்டும். சுவர் சிறுவிரலின் பருமனுக்கு மேற்படலாகாது. முதல் முயற்சிகள் பெரும்பாலும் சரிந்துபோகும். சரிந்த மண்ணை மறுபடி பிசைந்துகொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய தாள் கிழிந்தால் அழும் ஏழைப்பிள்ளை இங்கு அச்சமின்றித் தவறலாம். எழுத்துப் பாடத்தில் அவ்வுரிமை அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை.

உலர்த்துதலே மலைநாட்டின் தனிப் பாடம். வெயில் காயும் ஊர்களில் விளிம்பு விரைந்து உலர்ந்து வெடிக்கும். மூடுபனி சூழ்ந்த நோட்டன் பிரிட்ஜில் அத்தொல்லை குறைவு. கலம் உலர்வதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதே இடர். ஈரம் எஞ்சிய கலத்தைச் சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச்செய்யும். கன்னத்தில் வைத்துப் பார்த்தாற் குளிர்ந்திருப்பது இன்னும் உலரவில்லை. உலர்தலை அளப்பதற்கு, பச்சை மண் பலகை ஒன்றிற் சரியாக 10 சென்ரிமீற்றர் நீளக் கோடு கீறி, உலர்ந்தபின்னும் சுட்டபின்னும் மறுபடி அளக்கலாம். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 10 வரை சுருக்கம் காணப்படும். ஐந்தாந் தரத்துப் பிள்ளைக்குச் சதவீதக் கணக்கு அங்கே கையிற் கிடைக்கின்றது. வேலை முடிந்தபின் தரையைத் துடைப்பத்தாற் பெருக்காது ஈரத் துணியால் துடைக்கவேண்டும். உலர்ந்த களியின் தூசு நுரையீரலுக்குக் கேடு.

செய்த எல்லாவற்றையும் சுடவேண்டிய தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாசி மாதத்து வறட்சியில், ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்தெடுத்த ஒரு கலத்தைச் சுட்டாற் போதும். கார்த்திகை விளக்கீட்டுக்கு அகல்விளக்கு வேண்டுமெனின் அவற்றையும் அவ்வறட்சியிலேயே சுட்டுவைத்தல் நன்று. ஐப்பசி மழையில் எச்சூளையும் புகையத்தான் செய்யும். ஆழமற்ற குழியில் உலர்ந்த சருகும் மரத்தூளும் பரப்பி, கலங்களை அடுக்கி, கவ்வாத்து வெட்டியபின் காய்ந்த மிலாற்றை மேலே குவித்து, முதலிற் சிறுதீயாக மூட்டவேண்டும். தீ மூட்டுதலும் காத்தலும் ஆசிரியரும் பெற்றோரும் செய்யவேண்டியவை. பிள்ளைகள் எட்டநின்று காணலாம். கொழுந்துக்கூடையோடு நிற்கும் பெற்றோரையும் பாடசாலைக்குள் அழைக்கும் நாள் அது. ஊருக்கு ஊர் பானை சுட்ட குடும்பத்தின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருத்தல் கூடும். தில்லையில் அடியார்க்குத் திருவோடு வனைந்து ஈந்த திருநீலகண்ட நாயனாரை அறுபத்துமூவருள் வைத்துப் போற்றும் சமயத்தார் அத்தொழிலைத் தாழ்வாகக் கருதுதற்கு நியாயம் இல்லை. அதே மண்தொழிலைக் கேகாலைக்கு அண்மையில் மொலகொடையிற் சிங்களக் குயவர் செய்துவருவதையும் ஆசிரியர் எடுத்துக்கூறலாம்.

சூட்டினால் நிகழ்வது யாதென்பதை விளக்க ஓர் எளிய சோதனை உண்டு. உலர்ந்த மண்துண்டு ஒன்றையும் சுட்ட துண்டு ஒன்றையும் நீரில் இடுக. முன்னையது சிறிது நேரத்திற் கரைந்து சேறாகும்; பின்னையது அப்படியே கிடக்கும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில், களியின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகின்றது. அதன்பின் அது மீண்டும் மண்ணாவதில்லை. 573 பாகையில் மணலிலுள்ள படிகம் திடீரென விரிவதால், அவ்வெல்லையை மெல்லக் கடத்தல் வேண்டும், ஆறும்போதும் அவ்வாறே. மறுநாட் காலைக்கு முன் குழியைத் திறத்தல் கூடாது.

திறக்கும்போது சில கலங்கள் செந்நிறமாகவும் சில கருநிறமாகவும் சில இரண்டும் கலந்தும் இருக்கும். காற்றுப் பட்ட இடத்தில் இரும்பு சிவக்கும்; காற்றுப் புகாத இடத்திற் புகைக்கரி ஏறும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்ந்தெடுத்த பண்டைக் கறுப்புச் சிவப்பு மட்கலங்களின் நிறத்துக்கும் இதுவே காரணம். நான்கில் ஒன்றேனும் உடைந்திருக்கும் என்பதை ஆசிரியர் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். உடைந்த ஓடுகளை எறியாது, துணியிற் சுற்றி இடித்துச் சலித்து வைத்தால், அடுத்த ஆண்டு பிசையும் மண்ணில் மணலுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். ஒருமுறை சுட்டு முடிந்ததாதலின் அப்பொடி மேலும் சுருங்குவதில்லை. அதனைக் கலந்த கலம் வெடிப்பதும் குறைவு.