குத்துச்சண்டையில் பெரிய ஆள் யார்? வீரனா... வசூல் மன்னனா?

"அலிக்கு மேலே ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும் தம்பி!"

"சும்மா இருங்க நைனா! டைசன் முன்னாடி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். 91 செகண்டிலே ஸ்பிங்க்ஸைப் படுக்கப் போட்டவரு!"

வடசென்னை டீக்கடை பெஞ்சுகளில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. டீ ஆறிப் போகும். பேச்சு ஆறாது!

காரணம் இருக்கிறது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்காகக் கட்சி பிரிந்து நின்ற ஊர் இது. 1980-ம் ஆண்டு தொடக்கத்தில் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். முதல்-அமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். "ஓய்வு பெற்றுவிட்டேன்" என்று அலி அறிவித்திருந்த நேரம் அது. அன்று கூட்டத்தில் நின்றவர்களுக்கு உலகத்தில் வேறு குத்துச்சண்டை வீரரே கிடையாது!

ஆனால் இந்த விவாதத்தில் எல்லோரும் ஓர் இடத்தில் கோட்டை விடுகிறார்கள். சிறந்த வீரர் யார் என்பது ஒரு கேள்வி. யாரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது என்பது வேறு கேள்வி. சினிமாவில் நல்ல நடிகர் ஒருவர், வசூல் சக்கரவர்த்தி இன்னொருவர் என்று இருப்பதில்லையா? அந்தக் கதைதான் இங்கேயும்.

10 லட்சத்தைத் தாண்டிய முதல் வசூல்

குத்துச்சண்டையைப் பெரிய வியாபாரம் ஆக்கியவர் டெக்ஸ் ரிக்கார்டு. போட்டிகளை ஏற்பாடு செய்வதில் பலே ஆசாமி. அவர் கையில் கிடைத்தவர் ஜாக் டெம்ப்சி. 1919-ல் ராட்சத உருவம் கொண்ட ஜெஸ் வில்லார்டை அடித்து நொறுக்கி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர்.

டெம்ப்சி மீது அமெரிக்க மக்களுக்குக் கோபம் இருந்தது. முதல் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போகாமல் தப்பித்துக்கொண்டார் என்று குற்றச்சாட்டு. வழக்கு நடந்து, "குற்றவாளி அல்ல" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. ஆனாலும் ஊர் வாய் அடங்கவில்லை.

ரிக்கார்டு என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கோபத்தையே டிக்கெட்டாக அச்சடித்து விற்றார்! போரில் விமானப்படையில் இருந்து பதக்கம் வாங்கிய பிரெஞ்சு வீரர் ஜார்ஜ் கார்பெந்தியேவை எதிரே நிறுத்தினார். ஒரு பக்கம் போர் வீரர், மறுபக்கம் "போருக்குப் பயந்தவர்". சண்டையே தேவையில்லை, போஸ்டரே போதும்!

2-7-1921 அன்று ஜெர்சி சிட்டியில் இதற்கென்றே மரத்தால் கட்டிய அரங்கில் போட்டி. வசூல் சுமார் 17 லட்சத்து 89 ஆயிரம் டாலர். ஒரு குத்துச்சண்டை 10 லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. சொந்த நாட்டுக்காரரை விட்டுவிட்டு அமெரிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்குக் கைதட்டினார்கள். டெம்ப்சி 4-வது ரவுண்டில் ஆளைச் சாய்த்தார். கார்பெந்தியே உடம்பால் சின்னவர். சமமான போட்டியே அல்ல. டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் வந்தது டெம்ப்சி அடி வாங்குவதைப் பார்க்கத்தான்!

ஜெயித்தவருக்குக் கூட்டம் இல்லை

டெம்ப்சியைத் தோற்கடித்தவர் ஜீன் டன்னி. 1926-ல் பிலடெல்பியாவில், 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கில், 10 ரவுண்டும் ஆடி பாயிண்டில் ஜெயித்தார்.

மறு ஆண்டு சிகாகோவில் மறுபடியும் மோதல். வசூல் 26 லட்சம் டாலருக்கு மேல். 7-வது ரவுண்டில் டன்னி விழுந்தார். ஆளைச் சாய்த்தவர் ஒதுக்கமான மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. டெம்ப்சி ஆத்திரத்தில் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவர் நகரும் வரை நடுவர் எண்ணத் தொடங்கவில்லை. "9" என்று சொல்லும்போது டன்னி எழுந்துவிட்டார். உண்மையில் அவருக்குக் கிடைத்தது சுமார் 14 வினாடி! கடைசியில் மறுபடியும் டன்னிக்கே வெற்றி. அந்தச் சில வினாடிகளுக்காக நடந்த வாக்குவாதம் இருக்கிறதே, அது ஒரு தலைமுறை நீண்டது.

வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டு தடவை தோற்ற பிறகுதான் டெம்ப்சி மக்களின் செல்லப்பிள்ளை ஆனார்! ஜெயித்த டன்னி புத்திசாலி. ஷேக்ஸ்பியர் படிப்பவர். யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் பற்றிச் சொற்பொழிவே ஆற்றியவர். ஆனால் 1928-ல் அவர் டாம் ஹீனியுடன் மோதியபோது கூட்டம் வரவில்லை. ரிக்கார்டுக்குக் கைநஷ்டம். டன்னி சாம்பியனாகவே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

சக வீரர்கள் கும்பிட்ட ஆள்

சரி, திறமையில் யார் முதல்?

விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பெயர் சுகர் ரே ராபின்சன். அலியே இவரைத்தான் தன் குரு மாதிரி சொல்லிக் கொண்டிருந்தார். எனக்கும் இதில் மறுபேச்சு இல்லை.

இவர் ஹெவிவெயிட் அல்ல. முதலில் வெல்டர்வெயிட், பிறகு மிடில்வெயிட். இடது கை, வலது கை இரண்டிலும் இடி. பின்னால் போய்க்கொண்டே ஆளைச் சாய்ப்பார். முரட்டு ஜேக் லமோட்டாவுடன் 6 தடவை மோதி 5-ல் ஜெயித்தார். 1951-ல் கடைசி மோதலில் 13-வது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். லமோட்டா முகம் கிழிந்து நின்றார். ஆனால் விழவில்லை!

1952-ல் இன்னொரு கூத்து. தன்னைவிடக் கனத்த ஜோய் மாக்சிமுடன் நியூயார்க்கில் மோதினார். வெயில் 100 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியது. முதலில் நடுவரே சுருண்டு, வேறு நடுவர் வரவேண்டியதாயிற்று! பாயிண்டில் முன்னால் இருந்த ராபின்சன், 14-வது ரவுண்டுக்கு எழுந்து வர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவரை அன்று ஜெயித்தது வெயில்.

இவருக்கும் கூட்டம் வந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ராண்டி டர்ப்பினுடன் நடந்த மறுபோட்டிக்கு 60 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இளஞ்சிவப்பு நிற காடிலாக் கார், ஹார்லெம் பகுதியில் சொந்தக் கடைகள் என்று ராஜா மாதிரி வாழ்ந்தார். ஆனால் டெம்ப்சி, அலி மாதிரி ஊரை இரண்டாகப் பிரிக்கும் பகை இவரைச் சுற்றிக் கிடையாது. கைப்பணம் கரைந்து 44 வயது வரை மேடை ஏறினார்.

ஜோ லூயிஸ் கதையும் இதே ரகம். 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றியவர். 1938-ல் ஹிட்லர் நாட்டு மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தியபோது அமெரிக்கா முழுவதும் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தது. போர்க்காலத்தில் இரண்டு போட்டிப் பணத்தை ராணுவ, கடற்படை நிதிக்குக் கொடுத்தார். பின்னால் வருமான வரி பாக்கி அவரைத் துரத்தியது. கடைசி காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட ஓட்டலில் வருகிறவர்களுக்குக் கை கொடுக்கும் வேலை!

அலி கற்ற பாடம்

இந்த வியாபார ரகசியத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர் அலி. 1961-ல் லாஸ் வேகாசில் 'கார்ஜியஸ் ஜார்ஜ்' என்ற மல்யுத்த வீரரைப் பார்த்தார். தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, "நான்தான் அழகன், நான்தான் சூரன்" என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வார். அவர் உதைபடுவதைப் பார்க்கவே அரங்கம் நிரம்பும். நம் ஊரில் திரையில் நம்பியார் தோன்றியதும் திட்டாத தாய்மார் உண்டா? அதே சூத்திரம்தான்!

உடனே பலித்துவிடவில்லை. 1964-ல் சோனி லிஸ்டனை வீழ்த்தி முதல் முறை சாம்பியன் ஆனபோது மியாமி அரங்கில் பாதி இருக்கை காலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்து, பட்டம் பறிபோய், மூன்றரை ஆண்டு மேடை ஏற முடியாமல் இருந்து திரும்பிய பிறகுதான் அலை அடித்தது.

8-3-1971. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலி, ஜோ பிரேசியர் இருவருமே அதுவரை தோற்காதவர்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர். டிக்கெட் கிடைக்காமல், பாடகர் பிராங்க் சினாட்ரா பத்திரிகைக்குப் போட்டோ எடுப்பவராக மேடையருகே நின்றார்! போரை எதிர்த்தவர்கள் அலி பக்கம். மற்றவர்கள் பிரேசியர் பக்கம். 15-வது ரவுண்டில் பிரேசியரின் இடது குத்தில் அலி மல்லாந்தார். தீர்ப்பும் பிரேசியருக்கே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அலி தடைபட்டிருந்த காலத்தில் அவருக்கு உதவியவர் பிரேசியர். அந்த மனிதரையே, டிக்கெட் விற்பதற்காக அலி வாயில் வந்தபடி ஏசினார். "வெள்ளைக்காரனுக்குக் கூழைக்கும்பிடு போடுபவன்" என்றார், "கொரில்லா" என்றார். 1975-ல் மணிலாவில் 14 ரவுண்டு அடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மேடையில் வாங்கிய அடியைவிட அந்தச் சொற்கள்தான் பிரேசியருக்கு ஆறவில்லை. 2011-ல் இறக்கும் காலம் வரைக்கும் அந்தக் கசப்பு அவரிடம் இருந்தது.

46 லட்சம் வீடுகள்

பிற்காலத்தில் இதே பாதையில் காசை அள்ளியவர் பிளாய்ட் மேவெதர். முதலில் அவருக்கு 'அழகுப் பையன்' என்று பட்டப்பெயர். அதில் வசூல் போதவில்லை. 'பணம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, நோட்டுக்கட்டை அள்ளி வீசி வில்லன் ஆனார்! 2015-ல் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியோவுடன் மோதியபோது 46 லட்சம் சந்தாக்கள் விற்றன. சண்டையோ சப்பென்று இருந்தது. தொடாமல் நழுவியே பாயிண்டில் ஜெயித்தார். தற்காப்பில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் காசு கட்டியவர்கள் பார்க்க வந்தது அதை அல்லவே!

மெக்சிகோவில் 1993-ல் நடந்தது தனி ரகம். ஜூலியோ சீசர் சாவேசை, "டாக்சி டிரைவர்களைத்தான் அடித்து ஜெயித்தவர்" என்று அமெரிக்கர் கிரெக் ஹாகன் கிண்டல் செய்தார். அஸ்டெகா ஸ்டேடியத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 5-வது ரவுண்டில் ஹாகன் கதை முடிந்தது. "அந்த டாக்சி டிரைவர்கள் பலமான ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்" என்று ஒத்துக்கொண்டார், பாவம்!

டைசன்? 20 வயதில் சாம்பியன். 58 வயதில், 2024-ல், யூடியூப் புகழ் ஜேக் பாலுடன் மோதி பாயிண்டில் தோற்றார். அதைப் பார்க்கவும் 70 ஆயிரம் பேர் வந்தார்கள். டீக்கடைத் தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி, அவர்கள் வாங்கியது பழைய பயத்தின் நினைவைத்தான்.

அந்த அக்டோபர் இரவு

மறுபடி நேரு ஸ்டேடியத்துக்கு வருவோம். அலி சென்னையில் மேடை ஏறிய அதே 1980-ல், அக்டோபர் 2-ந்தேதி, லாஸ் வேகாசில் மீண்டும் நிஜச் சண்டைக்கு இறங்கினார். எதிரே லாரி ஹோம்ஸ். அதுவரை தோல்வியே காணாத சாம்பியன். ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக அடி வாங்கியவர்.

அலிக்கு 38 வயது. உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தார். பார்க்கப் பழைய அலி மாதிரியே இருந்தார். கை மட்டும் எழும்பவில்லை. ஹோம்ஸ் அடிப்பார், "போதும், நிறுத்துங்கள்" என்பது போல நடுவரைப் பார்ப்பார். நிறுத்தவில்லை என்றதும் மறுபடி அடிப்பார். 10-வது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்செலோ டண்டீ சண்டையை முடித்து வைத்தார்.

நான்கு ஆண்டு கழித்து அலிக்கு நடுக்குவாத நோய்க்குறி இருப்பதாக டாக்டர்கள் அறிவித்தார்கள்.

அன்று இரவு ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். சாம்பியன் அவர்தான். சிறந்த வீரரும் அன்றைக்கு அவர்தான். ஆனால் அலிக்குப் பேசிய தொகை 80 லட்சம் டாலர். ஹோம்சுக்கு அதைவிடக் குறைவு.