பெயர் மாறினால் போதுமா?

பாசஞ்சர் வண்டியிலே ஒரு பகல் முழுதும் பயணம் செய்து பாருங்கள். நாலு புத்தகம் சொல்லாத நாட்டு நடப்பை அந்த நாலு பலகை சொல்லும்.

கரணையையும் மட்டப்பலகையையும் சாக்கிலே சுற்றிக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்ட கொத்தனார்; மகளின் பிரசவத்துக்குப் பலகாரத் தூக்கோடு செல்லும் தாய்; தேர்வு எழுதச் செல்லும் இளைஞன். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணே!" ஒரே சொல், மூவர் பலகையிலே ஐவருக்கு இடம் பிறந்துவிடும்!

வழியிலே, ஆளரவமற்ற நிலையத்திலே வண்டி நிற்கும். ஏன்? பின்னாலே வேகவண்டி வருகிறதாம்! அது முழங்கிக்கொண்டு கடக்கும்வரை நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். முணுமுணுக்கிறோமா? இல்லை. பணம் உள்ளவர் பணத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார். நாம் நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகிறோம். அதுதான் ஏழைக்கும் இருப்புப்பாதைக்கும் இருந்த எழுதாத ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் என்னவாயிற்று? 2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, பயணிகள் வண்டிகள் அனைத்தும் நின்றன. அதே ஆண்டிலே, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் ஆக்க ரயில்வே வாரியம் முனைந்தது. பாலக்காட்டிலிருந்து பழனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூர் செல்லும் வண்டி, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஏழையின் வண்டி, அதுவும் எக்ஸ்பிரஸ் ஆயிற்று!

பாசஞ்சரின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரசுக்கோ 30 ரூபாய். கட்டணம் மும்மடங்கு, வேகம் மும்மடங்காயிற்றா? சிற்றூர்கள் பலவற்றிலே வண்டி நிற்பதுதான் நின்றது! நேரத்தையும் கொடு, பணத்தையும் கொடு என்றால், இது என்ன கணக்கு?

2024 பிப்ரவரியிலே, சிறு தொலைவு வண்டிகள் பலவற்றுக்குப் பழைய கட்டணம் திரும்பியது. மகிழ்ச்சி. ஆனால் எக்ஸ்பிரஸ் பட்டம் சூடிய நெடுந்தொலைவு வண்டிகளுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

பெயர் மாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. எப்படி? பலகையிலே "மூன்று" அழிந்து "இரண்டு" ஆயிற்று! உட்கார்ந்தவன் முதுகுக்கு அதே மரக்கட்டைதான். 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே வேறு வழி சென்றார். பெயரைத் தொடவில்லை, அந்த மரக்கட்டையின்மேல் இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். ஏழையின் முதுகு அறிந்த சீர்திருத்தம் அது!

வேகவண்டி வேண்டாம் என்கிறோமா? இல்லை! ஓடட்டும், பறக்கட்டும், பாராட்டுவோம். நாம் கேட்பது இதுதான்: நெடுந்தொலைவுத் தடம் ஒவ்வொன்றிலும், எல்லா ஊரிலும் நின்று செல்லும் சாதாரண வண்டி ஒன்றாவது, சாதாரணக் கட்டணத்திலே ஓட வேண்டும்.

இருபது ரூபாய் தானே என்பார் சிலர். கூலி வேலைக்குப் போகிறவனைக் கேளுங்கள். போக இருபது, வர இருபது. அந்த நாற்பது ரூபாய் அவன் வீட்டு அடுப்பிலே எரியவேண்டிய நெருப்பு!

காத்திருக்க நாம் தயார். காத்திருப்பதற்கும் கட்டணம் கேட்காதீர்!